நெல்லைப் பாலமும் அங்காடியும்

புதிதாக ஓர் ஊருக்குச் செல்லும் நம்மவர்கள் அங்குள்ள கோயிலையும் தேரையும் பார்த்துவிட்டுத் திரும்புவது வழக்கம். அதில் குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை. ஆயினும், அவ்வூர் ஜனங்களின் பொது வாழ்வு எந்த நிலையில் இருக்கிறதென்பதை அறிய விரும்புவோர் இன்னும் இரண்டு இடங்களுக்குப் போய் வருதல் வேண்டும். ஒன்று ஆற்றுப் பாலம், மற்றொன்று கடைவீதி. முன்னிருந்தோர் பின்வருவோருக்காக எவ்வளவு சிரத்தையுடன் உழைத்தார்கள் என்பது பாலத்தில் தெரியும். இன்றிருப்போர் தம்மிடையேயுள்ள ஏழை எளியவரை எவ்வாறு நடத்துகிறார்கள் என்பது கடைவீதியில் தெரியும். திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலைச் சேர்ந்த நாம், அண்மையில் திருநெல்வேலிக்குச் சென்றபோது இவ்விரண்டையும் பார்க்கும் பாக்கியம் கிட்டியது. அங்கே கண்டவை நமது ஜில்லாவில் பொதுக் காரியங்களில் ஈடுபட்டிருக்கும் அன்பர்களுக்கு மிகவும் உபயோகப்படும் என்று கருதியே இதை எழுதுகிறோம்.

திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து பாளையங்கோட்டைக்குச் செல்பவர் தாமிரபர்ணியைக் கடந்தே ஆகவேண்டும். மேற்குக் கரையில் ஜங்ஷனும் மீனாட்சிபுரமும் இருக்கின்றன. கிழக்குக் கரையில் வண்ணார்பேட்டையும், கலெக்டர் கச்சேரி அமைந்துள்ள கொக்கிரகுளமும் இருக்கின்றன. இரு கரைகளையும் இணைத்து நிற்பது சுலோச்சன முதலியார் பாலம். பஸ்ஸில் ஏறிக் கடப்பவருக்கு அது ஒரு நெருக்கடியான சாலையாகவே தோன்றும். ஓரமாக நடந்து செல்பவருக்கோ, பொதிகையிலிருந்து இறங்கிவரும் ஆற்றின் காற்றும், படித்துறைகளில் நீராடுவோரின் ஆரவாரமும், தலையில் கூடையுடன் விரையும் பெண்களின் பேச்சும் கிடைக்கும். பாலத்தின் உண்மையான தோற்றத்தைக் காண வேண்டுமானால் ஆற்றங்கரையில் இறங்கி நின்று பார்க்க வேண்டும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 60 அடி அகலமுள்ள 11 வளைவுகள், ஒன்றன் தோளில் மற்றொன்று கைபோட்டு நிற்பதுபோல், இக்கரையிலிருந்து அக்கரை வரையில் 700 அடிக்கு மேல் நீண்டு செல்கின்றன. வளைவுக்கும் வளைவுக்கும் இடையே இரட்டைத் தூண்கள் அழகு செய்கின்றன. இப்பாலம் திறக்கப்பட்டது 1843-ம் வருஷம் நவம்பர் மாதத்தில். கான்கிரீட்டில் இரும்புக் கம்பி வைத்துக் கட்டும் வித்தை உலகில் எங்குமே தோன்றாத காலம் அது.

பாலம் ஏற்படுமுன் இவ்விரண்டு ஊர்களின் ஜனங்களும் படகை நம்பியே வாழ்ந்தனர். தாமிரபர்ணியோ மற்ற ஆறுகளைப் போல வருஷத்தில் பாதி நாள் மணலாகக் கிடப்பதன்று. இரண்டு பருவ மழையாலும் நீர் பெறும் ஜீவநதி. வெள்ள காலத்தில் அக்கரைக்குச் சென்றவர் அன்றே வீடு திரும்புவது நிச்சயமில்லை. திருநெல்வேலிச் சீமையின் ஆட்சி 1801-ல் நவாபின் கையிலிருந்து கும்பெனியாரின் கைக்குப் போயிற்று. கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டு இரண்டு வருஷங்களுக்குள் நடந்த மாறுதல் அது. அன்றுமுதல் நாற்பது வருஷ காலம் இச்சீமையின் நஞ்சை நிலங்களிலிருந்து தவறாமல் தீர்வை வசூலித்து வந்த சர்க்காருக்கு, அந்நிலங்களில் விளைந்த நெல் ஆற்றைக் கடந்து செல்ல ஒரு பாலம் கட்டவேண்டுமென்று தோன்றவில்லை. தோன்றியபோதும், கஜானாவைத் திறக்க மனம் வரவில்லை. ஜனங்களிடமே நன்கொடை திரட்ட வேண்டுமென்றார்கள்.

அப்போது கலெக்டராக இருந்தவர் தாம்ஸன் துரை. அவருடைய கச்சேரியில் சிரஸ்தேதாராக இருந்தவர் சுலோச்சன முதலியார். பாலத்துக்கு ஏறத்தாழ அரை லட்சம் ரூபாய் பிடிக்கும் என்று மதிப்பிடப்பட்டது. ஏழைக் குடியானவர்களிடம் போய்ப் பணம் கேட்பதற்கு முதலியாரின் மனம் இடங்கொடுக்கவில்லையென்றும், அவருடைய கவலையை அறிந்த மனைவியார் வடிவாம்பாள் தம் நகைகளைக் கொண்டுவந்து வைத்தாரென்றும் நெல்லைச் சீமையில் இன்றும் சொல்லிக்கொள்கிறார்கள். செலவு முழுவதையும் முதலியாரே ஏற்றுக்கொண்டார். பாலம் திறந்த தினத்தில் மேளதாளத்துடன் முதலியாரையே முதலில் நடக்கச் செய்தார்கள் என்றும் சொல்வதுண்டு. கலெக்டர்கள் வந்தார்கள், போனார்கள். அவர்களில் எவர் பெயரும் ஜனங்களின் நாவில் நிற்கவில்லை. பாலத்தின் மேல் செல்லும் பஸ் கண்டக்டர் முதல் பள்ளிப் பிள்ளை வரையில் முதலியாரின் பெயரைச் சொல்லுகிறார்கள்.

லண்டன் நகரத்து வாட்டர்லூ பாலத்தை மாதிரியாகக் கொண்டே நெல்லைப் பாலத்தைக் கட்டினார்கள் என்று கூறுவர். ஜான் ரென்னி என்பவர் அமைத்த அப்பாலம் 1817-ல் திறக்கப்பட்டது. அதைக் கட்டியது ஒரு கம்பெனி. போட்ட முதலைத் திரும்பப் பெறுவதற்காக அது பாலத்தைக் கடப்போரிடம் சுங்கம் வசூலித்தது. 1878 வரையில் லண்டன் வாசிகள் கைக்காசு கொடுத்தே அதைக் கடந்தார்கள். இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் அஸ்திவாரம் அமிழத் தொடங்கியது. 1930-களில் அதை இடித்துத் தள்ளிவிட்டு, உலக யுத்த காலத்தில் புதிய பாலத்தைக் கட்டி, 1945-ல் வேலையை முடித்தார்கள். மாதிரியாக இருந்தது மறைந்துவிட்டது. அதைப் பார்த்துக் கட்டியது தாமிரபர்ணியில் நிற்கிறது. இதை எண்ணி நெல்லை வாசிகள் பெருமை கொள்வதில் நியாயமுண்டு.

ஆயினும் பெருமையோடு நின்றுவிட்டால் பாடம் விளங்காது. சுலோச்சன முதலியார் பாலமும் சேதமடைந்ததுண்டு. 1869-ல் பெருகிய வெள்ளம் அதை உடைத்தது. அதை அப்படியே விட்டுவிட்டிருந்தால் இன்று அது இடிபாடாகவே இருந்திருக்கும். 1871-க்குள் அதைச் செப்பனிட்டார்கள். பின்னர் போக்குவரத்துக்குத் தக்கபடி அகலப்படுத்தினார்கள். 1992-ம் வருஷத்து வெள்ளத்தையும் அது கண்டது. 2023 டிசம்பர் மாதத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, நெல்லை ஜங்ஷன் பஸ் நிலையம் நீரில் மூழ்கியது, குறுக்குத்துறை முருகன் கோயிலைச் சுற்றி ஆறு சீறியது, பாலம் அசையவில்லை. ஒரு தலைமுறை கட்டியதை அடுத்தடுத்த தலைமுறைகள் தம்முடையதென்று எண்ணிப் பேணி வந்ததே அதற்குக் காரணம்.

இவ்விடத்தில் நம் ஜில்லாவின் சங்கதிக்கு வருகிறோம். தென்பெண்ணையாற்றின் குறுக்கே அகரம்பள்ளிப்பட்டுக்கும் தொண்டமானூருக்கும் இடையே ஏறத்தாழ 16 கோடி ரூபாய் செலவில் உயர்மட்டப் பாலம் ஒன்று கட்டப்பட்டது. 2024 செப்டம்பர் மாதம் அது திறக்கப்பட்டது. டிசம்பர் மாதத் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையால் சாத்தனூர் அணை நிரம்பி, வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் நீர் திறந்துவிடப்பட்டபோது, அப்பாலம் அடித்துக்கொண்டு போயிற்று. திறந்து மூன்று மாதமே ஆகியிருந்தது. பாலம் தாங்குமென்று கணக்கிட்டதைவிடப் பன்மடங்கு அதிகமான வெள்ளம் வந்ததென்று சர்க்கார் தரப்பில் காரணம் கூறினார்கள்.

அந்தக் காரணத்தை நாம் அலட்சியமாகத் தள்ளிவிடவில்லை. முதலியார் பாலத்தையே 1869-ல் வெள்ளம் உடைத்ததென்று மேலே சொன்னோம். ஆனால் அந்தப் பதில் ஒரு கேள்விக்கு முடிவாகாமல் மற்றொரு கேள்விக்கு ஆரம்பமாகிறது. அணைக்குக் கீழே கட்டப்படும் பாலம், அந்த அணையிலிருந்து திறக்கக்கூடிய நீரின் அளவை அனுசரித்துக் கட்டப்பட வேண்டாமா? சாத்தனூர் அணை 1958-லேயே கட்டி முடிந்தது. அதன் மதகுகள் எவ்வளவு நீரை வெளியேற்றும் என்பது எவருக்கும் தெரியாத இரகசியமன்று. மேலும், மணற்பாங்கான ஆறுகளில் வெள்ளம் பாலத்தை முட்டித் தள்ளுவதைக் காட்டிலும், தூணின் அடியிலுள்ள மணலை அரித்தே பெரும்பாலும் கெடுதி செய்கிறது என்பது எஞ்சினீயர்கள் அறிந்த விஷயம். மணலை அள்ளி அள்ளி ஆற்றின் படுகையைத் தாழ்த்திவிட்டால், ஆழமாக இறக்கிய அஸ்திவாரமும் நாளடைவில் ஆழமற்றதாகிவிடும். தாமிரபர்ணியில் மணல் அள்ளுவதற்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2010-ல் தடை விதித்ததை இங்கே நினைவூட்டுகிறோம். நம் தென்பெண்ணையின் நிலை என்ன? எத்தனை அடி ஆழத்தில் அஸ்திவாரம் போடப்பட்டது? எவ்வளவு வெள்ளத்துக்குக் கணக்கிடப்பட்டது? கண்டிராக்டரின் பொறுப்பு எத்தனை வருஷத்துக்கு? இவற்றுக்குரிய விடைகளை ஜனங்களின் முன் வைப்பது சர்க்காரின் கடமை.

பாலம் எதற்காக என்பதை உணர்ந்தால் இந்தக் கேள்விகளின் அவசரமும் புலப்படும். பாலத்தின் ஒரு முனை வயலிலும் மறுமுனை சந்தையிலும் இருக்கிறது. நெல்லையில் இதைக் கண்ணாரக் காணலாம். பாலத்தைத் தாண்டி மேற்கே சென்றால் டவுனில் நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிய ரத வீதிகள், நயினார்குளத்து மொத்தக் காய்கறி மார்க்கெட், போஸ் மார்க்கெட். கிழக்கே சென்றால் பாளையங்கோட்டைக் காந்தி மார்க்கெட், மகாராஜநகர் உழவர் சந்தை. பொழுது புலருமுன் களக்காட்டு வாழைத்தார்களும், புளியங்குடி எலுமிச்சையும் வந்து இறங்குகின்றன. உடன்குடிக் கருப்புக்கட்டி ஓலைக் கொட்டானில் மணக்கிறது. காருகுறிச்சி மண்பானைகள் வைக்கோல் மெத்தையில் அடுக்கியிருக்கின்றன. பத்தமடைக் கோரைப்பாயைச் சுருட்டினால் கையில் அடங்குகிறது. அந்திப் பொழுதில் அல்வாக் கடைகளின் முன் கூடும் கும்பலைப் பற்றி நாம் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கடைக்காரர் எல்லோரும் "வாங்க அண்ணாச்சி" என்று அழைக்கும் குரலில், வெளியூரான் என்ற வேற்றுமை ஒரு கணத்தில் மறைந்து போகிறது.

இந்த மார்க்கெட்டுகளுக்குக் காந்தி, போஸ் என்று பெயர் வைத்திருப்பது வெறும் அலங்காரமன்று. தேச விடுதலைக் காரியத்தில் நெல்லைக் கடைவீதி தன் பங்கைச் செலுத்தியிருக்கிறது. சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவிய வ. உ. சிதம்பரம் பிள்ளையையும், சுப்பிரமணிய சிவத்தையும் 1908 மார்ச் 12-ந் தேதி சர்க்கார் கைது செய்தபோது, மறுநாளே திருநெல்வேலி கொதித்தெழுந்தது. கடைகள் அடைபட்டன. இந்துக் கல்லூரி மாணவர்கள் வெளியே வந்தார்கள். நகரசபைக் கட்டிடமும் போலீஸ் ஸ்டேஷனும் தாக்கப்பட்டன. போலீஸார் சுட்டதில் நால்வர் மாண்டனர். தராசைக் கீழே வைத்துவிட்டு, அன்றைய வரும்படியை இழந்து, தேசத்துக்காகக் கதவடைத்த அந்தச் சாமானிய வியாபாரிகளின் பெயர்களைச் சரித்திரப் புத்தகங்கள் எழுதி வைக்கவில்லை. ஆயினும் அவர்கள் செய்த தியாகம் சிறியதன்று.

அப்படிப்பட்ட கடைவீதியின் ஓரத்தில் இன்று நாம் கண்டது என்ன? ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தின் கீழ் நெல்லையின் பழைய மார்க்கெட்டுகளை இடித்துப் புதிதாகக் கட்டும் வேலையை மேற்கொண்டார்கள். கட்டிடம் உறுதியாகவும் சுத்தமாகவும் இருக்க வேண்டுமென்பதில் நமக்கு ஆட்சேபமில்லை. மழையில் சேறும், வெயிலில் அழுகலுமாக இருக்கும் சந்தை எவருக்கும் நன்மை செய்யாது. ஆனால் இவ்வகைத் திட்டங்களில் கடை வைத்திருப்பவருக்கு மாற்றிடம் கிடைக்கிறது. கூடை வைத்திருப்பவருக்குக் கிடைப்பதில்லை. தெருவோரத்தில் முருங்கைக்காய் விற்றுக்கொண்டிருந்த ஒரு முதியவளிடம், "ஏன் ஆச்சி, உள்ளே ஓர் இடம் பிடித்துக்கொள்ளக் கூடாதா?" என்று கேட்டோம். "உள்ள கடை எடுக்கணும்னா முன்பணம் வேணும்லா, அண்ணாச்சி? எங்கிட்ட இருக்கது இந்தக் கூடைதான். வாடகையும் குடுத்துட்டா வீட்டுக்கு என்னத்தக் கொண்டு போவேன்?" என்றாள். அவள் சொன்னதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

அவளுக்கு அனுகூலமாகச் சட்டம் இல்லாமலில்லை. தெரு வியாபாரிகளின் ஜீவனத்தைப் பாதுகாக்க 2014-ல் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்திருக்கிறது. ஒவ்வொரு நகரத்திலும் தெரு வியாபாரக் கமிட்டி ஒன்று அமைக்க வேண்டும். அதில் நூற்றுக்கு 40-க்குக் குறையாமல் தெரு வியாபாரிகளின் பிரதிநிதிகள், அவர்களே தேர்ந்தெடுத்தவர்கள், இருக்க வேண்டும். அப்பிரதிநிதிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும். வியாபாரிகளைக் கணக்கெடுத்து அத்தாட்சிப் பத்திரம் கொடுத்து முடியும் வரையில் எவரையும் இருக்குமிடத்திலிருந்து அப்புறப்படுத்தக் கூடாது. அதன்பிறகு அகற்ற நேரிட்டாலும் 30 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஐம்பது வருஷத்துக்கு மேலாக நடந்துவரும் சந்தைகளைப் பாரம்பரியச் சந்தைகளாகக் கருத வேண்டுமென்றும் அச்சட்டம் கூறுகிறது. சட்டப் புத்தகத்தில் இவ்வளவும் இருக்கின்றன. கூடைக்காரிக்கு இதில் ஒன்றும் தெரியாது. அவளிடம் போய்ச் சொல்லுவாரும் இல்லை.

கொக்கிரகுளத்துக் கரையில் நிற்கும்போது இன்னொரு நினைவும் வந்து நெஞ்சை அழுத்துகிறது. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்குக் கூலி உயர்வு கேட்டு, 1999 ஜூலை 23-ந் தேதி கலெக்டர் கச்சேரியை நோக்கி ஓர் ஊர்வலம் வந்தது. மனுவுடன் வந்தவர்கள் மீது தடியடி நடந்தது. அன்று தாமிரபர்ணியில் 17 பேர் உயிரிழந்தனர். அந்நிய சர்க்கார் போய் அரை நூற்றாண்டுக்குப் பின் நடந்த சம்பவம் இது. பாலம் கட்டி இரண்டு கரைகளை இணைத்துவிடலாம். கச்சேரிக்கும் குடிமகனுக்கும் இடையேயுள்ள தூரத்தைக் குறைப்பதற்குக் கல்லும் சுண்ணாம்பும் போதா.

நமது ஜில்லாவின் கலெக்டர் கச்சேரி வேங்கிக்காலில் இருக்கிறது. திங்கட்கிழமைதோறும் குறைதீர்க்கும் நாளன்று, தென்பெண்ணைக் கரைக் கிராமங்களிலிருந்தும், ஜவ்வாது மலையிலிருந்தும், செங்கத்திலிருந்தும் கையில் மனுவுடன் ஜனங்கள் அங்கு வந்து காத்திருக்கிறார்கள். பௌர்ணமிதோறும், கார்த்திகைத் தீபத்தன்றும் லட்சக்கணக்கானோர் கிரிவலம் வருகிறார்கள். அவர்களை நம்பிப் பூவும் பழமும் இளநீரும் விற்கும் ஏழைகள் பாதையோரத்தில் உட்காருகிறார்கள். நெல்லையில் நாம் கண்ட இரண்டு விஷயங்களும், பாலமும் அங்காடியும், நம் வாசற்படியிலேயே இருக்கின்றன.

ஆகையால் நமது தொண்டர்களுக்கு இரண்டு காரியங்களைச் சிபார்சு செய்கிறோம். முதலாவது, அகரம்பள்ளிப்பட்டுப் பாலத்தின் மதிப்பீடு, மண் பரிசோதனை, வெள்ளக் கணக்கு, கண்டிராக்டு நிபந்தனை ஆகியவற்றைக் கேட்டு, 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி விண்ணப்பம் செய்ய வேண்டும். அதற்குச் செலவு பத்து ரூபாய்தான். முப்பது நாளில் பதில் தரவேண்டுமென்பது சட்டம். கிடைக்கும் பதிலைத் தமிழில் எழுதி, ஆற்றின் இரு கரைக் கிராமங்களிலும் வாசித்துக் காட்ட வேண்டும். இரண்டாவது, 2024-ல் மாநகராட்சியாக உயர்ந்த திருவண்ணாமலையில், தெரு வியாபாரக் கமிட்டி சட்டப்படி அமைந்து, ஒழுங்காகக் கூடுகிறதா, அதில் கூடைக்காரிகளின் பிரதிநிதி உட்காருகிறாளா என்று விசாரித்து, இல்லையேல் அதற்காகக் கிளர்ச்சி செய்ய வேண்டும். தீபத்துக்கு முன் பாதையோரத்தைச் சுத்தம் செய்கிறோமென்று சொல்லி ஏழைகளின் தள்ளுவண்டிகளைத் தூக்கிக்கொண்டு போகும் நிலைமை எந்த ஊரிலும் நேரக்கூடாது.

சுலோச்சன முதலியாரைப் போல் ஒருவரே முழுச் செலவையும் ஏற்கும் காலம் இப்போதில்லை, அது தேவையுமில்லை. இன்று சர்க்காரின் கஜானாவில் இருக்கும் பணம் நம்முடையது. தீப்பெட்டி வாங்கும் ஏழையும் வரி செலுத்தியே வாங்குகிறான். முதலியார் தம் சொந்தப் பணம் என்பதால் ஒவ்வொரு கல்லும் சரியாக வைக்கப்படுகிறதா என்று கவனித்திருப்பார். பொதுப் பணத்தையும் அதே கவலையுடன் கவனிப்பதற்கு நாம் ஒவ்வொருவரும் கற்றுக்கொள்ள வேண்டும். தென்பெண்ணையில் மறுபடியும் பாலம் எழுந்தே ஆகவேண்டும். அது எழும்போது நூறு வருஷத்துக்கு நிற்கும்படியாக எழவேண்டும். அதன்மேல் நடந்து சந்தைக்குப் போகும் குடியானவனுக்கும் கூடைக்காரிக்கும் அங்கே உட்கார ஓர் இடம் உரிமையாக இருக்க வேண்டும்.